இரண்டு சிவப்புக் கதிரைகள்

எங்கள் ஆஸ்பத்திரியில் எலும்புச் சத்திரசிகிச்சை செய்த அந்த டொக்டர், எந்த நோயாளியிடமும் முதலில் "எங்கே நோகிறது?" என்று கேட்டதை நான் பார்த்ததில்லை. வந்து கட்டில் விளிம்பில் இருப்பார். போர்வையை விலக்குவார். "இந்தக் காலை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பார்.

ஒருவர் படி ஏறவேண்டும் என்பார். ஒருவர் ஏரியில் ஐஸ் உறைந்ததும் துளை போட்டு மீன் பிடிக்கவேண்டும் என்பார். "என் மனுஷியைவிட வேகமாக நடக்கவேண்டும், அவள் கடைக்குள் போகுமுன் பிடிக்கவேண்டும்" என்று ஒரு கியூபெக் கிழவர் சொன்னார். டொக்டர் சிரிக்கவில்லை. "கடை எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுத்தான் வெட்டுவதா விடுவதா என்று தீர்மானிப்பார்.

நான் அந்த வார்டில் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோகிற வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மிச்சப் படிப்பெல்லாம் ஆட்களின் வாயிலிருந்து எடுத்துக்கொண்டது. பிரெஞ்சும் அப்படித்தான். தட்டை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் கூட நின்றால், படுத்திருக்கிறவர் ஏதாவது ஒரு நல்ல பேச்சுத் தருவார். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து தம்பிக்குச் சொல்லுவேன்.

டொக்டர் பிரான்சில் ஒரு சின்ன ஊர்க்காரர். இரண்டு வருடத்துக்கு என்று மொன்றியலுக்கு வந்து, பல வருடம் இருந்துவிட்டவர். மொன்றியலே ஒரு தீவு. அதை ஒட்டின இல்-பிசார் என்ற சின்னத் தீவில் அவருக்கு வீடு. கோடையில் சைக்கிளோடு தோணியேறி லவால் பக்கம் போய்வருவார். "தீவுக்குள்ளே ஒரு தீவில் போய் இருக்கிறார், ஒருவரும் தன்னைக் கூப்பிடக்கூடாது என்று. பிறகு தானே எல்லோரையும் கூப்பிடுகிறார்" என்று தலைமைத் தாதி சொல்வாள். அது உண்மை. கழுவித் துடைக்கிறவர்கள் வரைக்கும் எல்லாருடைய பிள்ளைகளும் என்ன படிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். "நாடி பிடிக்கிறதுகூட வாக்குக் கேட்கிற மாதிரி" என்று அதே தாதி ஒருநாள் சொன்னாள். அப்போது அது வெறும் பகிடி.

அவரும் நானும் பழகினது கஸ்டர்ட்டால். நோயாளி தொடாத கஸ்டர்ட் கிண்ணங்கள் என் வண்டியில் திரும்பி வரும். அவற்றை எறியவேண்டும் என்பது விதி. டொக்டர் வண்டியை மறிப்பார். "மடாம், இதை எறிவது பாவம்" என்று நின்றபடி ஒன்றைச் சாப்பிடுவார். அப்படி ஒரு கஸ்டர்ட் நேரத்தில்தான் என் தம்பியின் காலைப் பற்றிச் சொன்னேன்.

தம்பிக்கு ஊரில் ஷெல் பட்டு இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் நெடுநாள் கட்டுப்போட்டுக் கிடந்ததில் தசை எலும்போடு ஒட்டி, முழங்கால் ஒரு தடி மாதிரி நீட்டியபடியே நின்றுவிட்டது. பஸ்ஸில் ஏறினால் கால் நடைபாதையை மறிக்கும். ஆட்கள் தாண்டிப் போவார்கள். புவாண்ட்-கிளேரில் பெட்டி அடுக்குகிற ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்திருந்தான். முழுநாளும் நின்று செய்கிற வேலை, அதனால் அவனுக்கு வசதி. சாப்பாட்டு நேரத்திலும் நிற்பான்.

டொக்டர் அவனைக் கூட்டிவரச் சொன்னார். வழக்கமான கேள்வியைக் கேட்டார். தம்பிக்குப் பிரெஞ்சு கொஞ்சம் தெரியும். ஆனால் என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

"நிலத்தில இருக்கோணும் எண்டு சொல்லு அக்கா."

"சும்மா நடக்கிறது, ஓடுறது ஒண்டும் வேண்டாமே?"

"நடக்கிறனான்தானே. நிலத்தில சம்மணம் கட்டி இருக்கோணும். கலியாணத்தில."

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன் நிலத்தில்?" என்று கேட்டார். மணவறை என்றால் என்ன, அக்கினிக்கு முன்னால் பலகையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் எப்படி இருப்பார்கள், ஐயர் எவ்வளவு நேரம் ஓதுவார் என்று அந்த நோயாளிக் கட்டிலிலேயே ஏறி இருந்து காட்டினேன். அவர் கவனமாகப் பார்த்தார். பிறகு தம்பியைக் குப்புறப் படுக்கவைத்து, காலை மெல்ல மடக்கப் பார்த்தார். அது அசையவில்லை. குதிகாலுக்கும் இடுப்புக்கும் இடையில் தன் கையை விரித்து விரித்து அளந்தார். எங்கள் சாண்தான்.

"கதிரையில் இருக்கிற அளவுக்கு மடக்கித் தருவேன்" என்றார். "அது நிச்சயம். நிலத்தில் இருக்கிற அளவுக்கு என்றால், இன்னொரு தடவை திறக்கவேண்டி வரும். முதலாவது எப்படிப் போகிறது என்று பார்த்துத்தான் அதைச் சொல்வேன்."

கலியாணம் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. பொம்பிளை கொழும்பில், தகப்பனோடு இருந்தாள். லவாலில் இருக்கிற எங்கள் சித்தப்பாதான் பேசி முடித்தவர். தம்பி தன் படத்தை அனுப்பினான். நின்றபடி எடுத்த படம். காலில் காயம் பட்டது என்று சித்தப்பா சொல்லியிருந்தார். மடங்காது என்று சொல்லவில்லை. "மாறிப் போகப் போறதை ஏன் இப்ப சொல்லுவான்" என்பது அவருடைய கட்சி.

டொக்டர் வசந்தத்தில் ஒரு நாள் குறித்தார். அங்கேதான் சித்தப்பா குறுக்கே விழுந்தார். தம்பியின் சாதகத்தைக் கொழும்பில் ஒரு சாத்திரியாரிடம் காட்டியதில், சனி இருக்கிற இடம் சரியில்லை, இலையுதிர் காலத்துக்கு முன் உடம்பில் கத்தி படக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டாராம். தம்பிக்கு இதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் பெண்வீட்டுக்கும் அதே சாத்திரியார். பேச்சை மீறினதாகத் தெரிந்தால் என்ன செய்வது என்று பயந்தான்.

நான் டொக்டரிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கஸ்டர்ட் கரண்டியை வாயிலிருந்து எடுத்தார்.

"இந்தச் சனி எந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறார்?"

"அவர் கிரகம், டொக்டர்."

"தெரியும். ஆனாலும் என் நோயாளியைப் பார்க்காமல் அபிப்பிராயம் சொல்கிற முதல் ஆள் அவர் இல்லை." பிறகு தோளைக் குலுக்கினார். "பயந்துகொண்டு மேசையில் படுக்கிறவனை வெட்டுவது எனக்கும் விருப்பமில்லை. இலையுதிர் காலத்தில் வரட்டும்."

சனி இடம் மாறியதாகச் சித்தப்பா அறிவித்த பிறகு, இலையுதிர் காலத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. ஒட்டியிருந்த தசையைப் பிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்தது உண்மையான வேதனை. காலை ஒரு இயந்திரத்தில் கட்டிவிடுவார்கள். அது பகலும் இரவும் மெதுவாக மடக்கும், நீட்டும். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு, "அக்கா, இது என்னை விசாரணை செய்யுது" என்பான். நான் என் தட்டு வேலை முடிந்ததும் போய்ப் பக்கத்தில் இருப்பேன். வீட்டுக்கு வந்தபின்னும் உடற்பயிற்சி. பனி கொட்டத் தொடங்கிய நாட்களில், முதல்முறையாக பஸ்ஸில் இரண்டு காலையும் சீட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தான். ஒருவரும் தாண்டிப் போகவில்லை என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

கதிரை கிடைத்துவிட்டது. நிலம் கிடைக்கவில்லை. கோடைவரை பொறுத்து, இரண்டாவது தடவை திறந்து பார்க்கலாம் என்று டொக்டர் சொன்னார்.

தை மாதம் இருக்கும், கடும் குளிர். டொக்டர் என் வண்டியை மறித்தார். கஸ்டர்ட் எடுக்கவில்லை.

"மடாம், நான் ஊருக்குப் போகிறேன்."

"விடுமுறைக்கா?"

"இல்லை. மேயர் தேர்தலுக்கு."

அவருடைய சின்ன ஊரில் ஒரு ஆஸ்பத்திரி. அவர் பிறந்ததும் அங்கே, முதலில் கத்தி பிடித்ததும் அங்கே. அதில் சத்திரசிகிச்சைப் பிரிவை மூடப்போகிறார்களாம். நோயாளிகள் போதவில்லை, பக்கத்துப் பட்டணத்துக்குப் போகட்டும் என்று மேலிடத்தில் தீர்மானம். ஊர்க்காரர்கள் இவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். வீட்டு முன்கதவில் அடிபட்ட விரலுக்கு இவர் தைத்த பையன் ஒருவன் இப்போது பாண் போடுகிற வெதுப்பகம் வைத்திருக்கிறானாம், அவன்தான் கூப்பிட்டவன். "நீ வந்து நில், நாங்கள் வாக்குப் போடுகிறோம் என்கிறான். கூப்பிட்டால் போகத்தான் வேண்டும். நான் டொக்டர்" என்றார்.

"என் தம்பி?" என்று மட்டும் கேட்டேன்.

"அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்."

தம்பியோடு சித்தப்பாவும் வந்தார். சும்மா வரவில்லை. ஒரு பொன்னாடையும் பிளாஸ்டிக் உறையில் ஒரு பூமாலையும் கொண்டுவந்தார். அந்தக் குளிரில் கோட்டுக்குள் மறைத்துவைத்து, மெட்ரோவில் நசுங்காமல் கொண்டுவந்த மாலை. நடைபாதையில் வைத்து, டொக்டர் வாயெடுக்க முன்னமே போர்த்தி, மாலையும் போட்டுவிட்டார். கட்டில்களில் இருந்தவர்கள் காரணம் தெரியாமல் கைதட்டினார்கள்.

"நான் இன்னும் வெல்லவில்லை" என்றார் டொக்டர்.

சித்தப்பா என்னிடம் தமிழில் சொன்னார்: "வெண்டாப்பிறகு ஆயிரம் பேர் போடுவான். இப்ப போட்டாத்தான் எங்களை ஞாபகமிருக்கும். சொல்லு பிள்ளை, என்ர மச்சான் ஒருத்தன் ஜெர்மனியில நிக்கிறான். பிரான்சுக்கு எடுக்கேலுமோ எண்டு கேள்."

"சித்தப்பா, அவர் ஒரு சின்ன ஊருக்கு மேயர். நாட்டுக்கு இல்லை."

"மேயர் எண்டா மேயர்தானே. நீ கேள்."

கேட்டேன். டொக்டர் மாலையைக் கழற்றாமலே பதில் சொன்னார். "சொல்லுங்கள், மேயருக்கு இருக்கிற அதிகாரம் குப்பை, வடிகால், நாய், கலியாணம். விசா இல்லை."

"கலியாணமோ?" சித்தப்பா உடனே பிடித்துக்கொண்டார். "இவர் ஐயரோ?"

பிரான்சில் கலியாணத்தை மேயர்தான் முடித்துவைப்பாராம். கோயிலுக்கு விரும்பினால் பிறகு போகலாம், முதலில் நகரசபை. மேயர் மூவர்ணப் பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பார். இந்தப் பக்கம் இரண்டு சிவப்புக் கதிரைகள், வெல்வெட் போட்டவை. மாப்பிள்ளை ஒன்றில், பொம்பிளை ஒன்றில். "என் தாயும் தகப்பனும் அந்தக் கதிரைகளில்தான் இருந்தார்கள். எங்கள் ஊரில் நிலத்தில் இருந்து கலியாணம் முடித்தவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் பிள்ளை பெற்றிருக்கிறார்கள்" என்றார்.

சித்தப்பா சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. டொக்டர் அதைக் கண்டுகொண்டார். பொன்னாடையைக் கழற்றி மடித்து என்னிடம் தந்துவிட்டு, அவனை உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்து, கையை விரித்து அளந்தார். கவனமாக, இரண்டு தரம்.

"இன்னும் ஒரு சாண் இருக்கிறது. இப்போது திறந்தால் கெட்டுப்போகும். தசை இன்னும் ஆறவில்லை. கோடையில் நான் இருக்கமாட்டேன். என் கூட்டாளி இருக்கிறார், கெட்டிக்காரர். அவரிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். அவர் செய்யவேண்டாம் என்றால், அவர் பேச்சைக் கேள். எனக்குக் கோபம் வராது."

போன வசந்தத்தில் முதலாவது நடந்திருந்தால், இரண்டாவதை இப்போது அவரே செய்திருப்பார். சித்தப்பா மாலை கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே நின்றார்.

டொக்டர் போனார். கூட்டாளி வசந்தத்தில் காலைப் பார்த்தார். நல்ல மனிதர். "இருக்கிறதை வைத்துக்கொள்ளுங்கள். திறந்தால் கூடலாம், குறையலாம். என் தம்பி என்றால் திறக்கமாட்டேன்" என்றார். அத்தோடு அந்தக் கதவு மூடியது. அடுத்த கிழமை பொம்பிளைக்கு விசா வந்துவிட்டது என்று கொழும்பிலிருந்து தொலைபேசி. கலியாணம் முடிக்க வருகிறவளுக்குத் தருகிற விசா. வந்து மூன்று மாதத்துக்குள் தாலி ஏறவேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போகவேண்டும். தள்ளிப்போட வழியில்லை.

"அவ திரும்பிப் போறன் எண்டா?" என்று தம்பி என்னைக் கேட்டான். கோட்-டெ-நேஜில் எங்கள் அப்பார்ட்மென்ட் குசினியில், நின்றபடி.

"போறன் எண்டா போகட்டும். வரமுதல் சொல்லிவிடு."

"சொன்னா வரமாட்டா."

"அப்ப வந்தாப்பிறகு சொல்லு. ஆனா நீ சொல்லு. சித்தப்பா சொல்லுறதை விட்டிடாதை."

மிராபெல் விமான நிலையத்துக்குச் சித்தப்பாவின் வான் வண்டியில் போனோம். பொம்பிளை ஒரு பெரிய பெட்டியும், மடியில் ஒரு ஊறுகாய்ப் போத்தலுமாக வந்தாள். களைத்திருந்தாலும் கண் சுறுசுறுப்பு. தம்பி கொஞ்சம் நொண்டி நடந்ததைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வண்டியில் இருவரும் கதைத்ததெல்லாம் விமானத்தில் தந்த சாப்பாட்டைப் பற்றி.

அவளை முதலில் கூட்டிப்போனது கோயிலுக்கு. வெள்ளிக்கிழமை, வாடகைக்கு எடுத்த கட்டடம், நிலத்தில் கம்பளம். பூசை முடிந்து தேவாரம் படிக்க எல்லாரும் இருந்தார்கள். ஆண்கள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். தம்பி வழக்கம்போலப் பின்னால், சப்பாத்து அடுக்குகிற தட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றான். இவள் இரண்டு மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள்.

"மச்சாள், அவர் ஏன் இருக்கேல்லை?" என்று என் காதில் கேட்டாள்.

"அவனையே கேளும்" என்றேன்.

கேட்டிருக்கிறாள். கோயில் வாசலில், சப்பாத்துப் போட்டுக்கொண்டே. நான் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். அவன் சொன்னான், கை அசைவிலிருந்து எனக்கு விளங்கியது. ஷெல், கட்டு, கத்தி, இயந்திரம், போய்விட்ட டொக்டர். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து சப்பாத்து வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் பூட்டினாள். நிமிர்ந்து அவள் சொன்னதைத் தம்பி பிறகு எனக்குச் சொன்னான்: "இதை அண்டைக்கே சொல்லியிருந்தா, பெட்டியில பலகை ரெண்டு கொண்டு வந்திருக்கமாட்டன். எவ்வளவு பாரம் தெரியுமே?"

உண்மையிலேயே மணவறைப் பலகை இரண்டு, கொழும்பில் செய்வித்துக் கொண்டுவந்திருந்தாள். பெட்டி அவ்வளவு பாரமாக இருந்தது அதனால்தான்.

அவள் போகவில்லை. ஆனால் ஒன்றும் பேசாமல் இரண்டு நாள் இருந்தாள். அந்த இரண்டு நாளும் எங்கள் வீட்டில் கரண்டி வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. மூன்றாம் நாள் சித்தப்பா வந்தார், தீர்வோடு.

"மாப்பிள்ளைக்கு மட்டும் ஒரு சின்ன முக்காலி போடுவம். முன்னால பூச்சட்டி வைச்சா வீடியோவில தெரியாது. கொழும்பில உன்ர அப்பரும் பாத்து ஒண்டும் கண்டுபிடிக்கமாட்டார்."

அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். "மாமா, அவர் முக்காலியில, நான் நிலத்தில எண்டா, பாக்கிற சனம் நான் ஏதோ பிழை விட்டிட்டு மன்னிப்புக் கேக்கிறன் எண்டெல்லோ நினைக்கும்."

"அப்ப என்ன பிள்ளை செய்யிறது?"

"ரெண்டு பேருக்கும் கதிரை போடுங்கோ."

"கதிரையில இருந்து தாலி கட்ட இதென்ன பஸ்ஸோ?"

"பஸ் எண்டாலும் ரெண்டு பேரும் ஒரே பக்கம்தானே மாமா போவம்."

சித்தப்பா தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஊதினார். அந்த இடைவெளியில் நான் டொக்டர் சொன்ன இரண்டு சிவப்புக் கதிரைகளைப் பற்றிச் சொன்னேன். ஒரு ஊர் முழுக்க அப்படித்தான் கலியாணம் முடிக்கிறது என்று. அவள் தம்பியைப் பார்த்தாள். அந்த மூன்று நாளில் முதல்தரம் நேராகப் பார்த்தாள். "அப்பாவுக்கு நான் சொல்லுறன்" என்றாள். "பூச்சட்டி ஒண்டும் வைக்கவேண்டாம்."

தகப்பனோடு அவள் கதைத்தது நெடுநேரம். தொலைபேசியை வைத்துவிட்டு வந்து, "ஏசினவர். என்னை இல்லை, சாத்திரியாரை" என்றாள்.

ஐயரைக் கேட்கவேண்டியிருந்தது. அவருக்கும் கிழமை நாட்களில் புவாண்ட்-கிளேரில் அதே களஞ்சியத்தில்தான் வேலை. தம்பி தயங்கித் தயங்கிச் சொல்லத் தொடங்கினான். ஐயர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"உம்முடைய காலை எனக்குத் தெரியாதே? கன்ரீனில நீர் நிண்டு சாப்பிடுறதை எவ்வளவு காலம் பாத்தனான். கதிரையில இரும். ஆனா அக்கினியை மேசையில ஏத்தோணும். இல்லாட்டி நெய் விடேக்க நீர் குப்புற விழுவீர், நான்தான் பிடிக்கோணும்."

தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தில் கலியாணம். மண்டபத்தின் கதிரைகள் சாம்பல் நிற இரும்பு, மடிக்கிறவை. இரண்டை எடுத்து என்னுடைய சிவப்புப் பட்டுச் சேலை ஒன்றால் சுற்றி, பின்னால் ஊசி குத்தினேன். கொழும்புப் பலகைகள் வீணாகவில்லை. இருவரும் அவற்றில் கால் வைத்துக்கொண்டார்கள். அக்கினி மேசைமேல். அதனால் அது கூரைக்குக் கிட்ட வந்துவிட்டது. கூரையில் புகை கண்டால் கத்துகிற கருவி. மண்டபத்தைப் பார்க்கிற கிழவர் பிரெஞ்சில் முணுமுணுத்துக்கொண்டு, கருவிக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி மூடியால் கடைசிவரை விசிறிக்கொண்டே நின்றார். எங்கள் வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தில் ஐயருக்கும் மேளகாரருக்கும் நடுவில் அவரும் இருக்கிறார்.

சனம் குசுகுசுத்தது. "காலில என்னவாம்?" "பொம்பிளைதான் கேட்டதாம்." இருக்கத்தான் செய்யும். அம்மி மிதிக்கிற இடத்தில்தான் எனக்குப் பயம். மாப்பிள்ளை குனிந்து பொம்பிளையின் காலைத் தூக்கி அம்மியில் வைத்து மெட்டி போடவேண்டும். தம்பி பயிற்சியில் பழகினபடி இடது காலைப் பின்னால் நீட்டி, மற்றதை மடக்கி இறங்கினான். பாதி வழியில் ஆடினான். அவள் கையை அவன் தலையில் வைத்து அமர்த்திப் பிடித்துக்கொண்டாள். சனம் சிரித்தது. மெட்டி ஏறியது.

அந்தக் கோடையில்தான் டொக்டரும் வென்றார். தலைமைத் தாதிக்கு ஒரு அஞ்சலட்டை வந்தது. அவர்களுடைய நகரசபையின் படம். பின்னால், "கஸ்டர்ட் மடாமுக்குச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி. பிறகு வருடத்துக்கு ஒன்று வரும். ஆஸ்பத்திரிப் பிரிவுக்காக ஊர்வலம் போனாராம். அமைச்சரைப் பார்க்கப் போனாராம். பிறகொரு வருடம் அட்டையில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் படம். அதற்கும் நின்று வென்றுவிட்டார். அதைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். "பாத்தியே, என்ர பொன்னாடை" என்றார். அடுத்த மூச்சில், "அங்க ஜெர்மனியும் சேர்ந்ததுதானே?" என்றார்.

அந்தப் பத்தாண்டின் கடைசிக் கோடையில் பாரிசில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றுக்குக் கலியாணம். தம்பி, அவன் மனைவியான என் மச்சாள், அவர்கள் பிள்ளைகள், நான், எல்லாரும் போனோம். பிள்ளைகளைப் பாரிசில் விட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை ரயில் ஏறி டொக்டரின் ஊருக்குப் போனோம். சின்ன ஊர்தான். ரயில் நிலையத்திலிருந்து நகரசபைக்கு நடக்கிற வழியில் அந்த ஆஸ்பத்திரியைக் கண்டோம். பாதிப் பகுதியில் யன்னல்கள் பலகை அடித்து மூடியிருந்தன.

அவர் ஒரு கலியாணம் முடித்துவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டு பின்வரிசையைக் கையால் காட்டினார். தலைமயிர் முழுக்க வெள்ளை. தோளில் மூவர்ணப் பட்டி. அவர் முன்னால் அந்த இரண்டு சிவப்புக் கதிரைகள். நான் நினைத்திருந்ததைவிடப் பழசு. வெல்வெட் கைப்பிடியில் தேய்ந்து மஞ்சளாக இருந்தது. கலியாணம் முடிந்து வாசல் படியில் ஆட்கள் அரிசி எறிந்தார்கள், எங்கள் கலியாணத்தில் வாழ்த்தித் தூவுகிற மாதிரி. "அறுகரிசி" என்றாள் என் மச்சாள், தன்னையறியாமல் கையை உயர்த்திக்கொண்டு.

மண்டபம் வெறுமையானதும் அவர் தம்பியை ஒரு சிவப்புக் கதிரையில் இருத்தினார். பட்டியோடேயே கீழே மண்டியிட்டு, சப்பாத்தைப் பிடித்துக் காலை உள்ளே மடக்கி, கையை விரித்தார்.

"அதே ஒரு சாண்" என்றார். "கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்ன செய்கிறாய் இந்தக் காலை வைத்து?"

தம்பி இப்போது என்னைப் பார்க்காமலே பிரெஞ்சில் சொன்னான். லவாலில் வீடு வாங்கினது, புல் வெட்டுகிறது, மகளை சைக்கிளில் பிடித்துக்கொண்டு ஓடுவது. "மெதுவாக ஓடுவது" என்று திருத்தினான்.

"அவரோ?" என்று மச்சாள் என்னைக் கேட்டாள். "அவர் இந்த மேயர் வேலையை வைச்சு என்ன செய்தவராம்? கேளுங்கோ மச்சாள்."

கேட்டேன். டொக்டர் மண்டியிட்டபடியே சொன்னார். "ஆஸ்பத்திரியை மூடவேண்டாம் என்று கேட்கப் போன இடத்தில், மேலே போய்க் கேள் என்று கூரையைக் காட்டினார்கள். ஏறினேன். அங்கேயும் கூரையைக் காட்டினார்கள். இப்போது கடைசி மாடியில் இருக்கிறேன். இங்கே இருக்கிறவர்கள், அது கீழே தீர்மானிக்கிற விஷயம் என்கிறார்கள்." அதைக் குறைபோலச் சொல்லவில்லை, ஒரு நோயாளிக்கு நிலைமையைச் சொல்வதுபோலச் சொன்னார். "கத்தியை விட்டு நாளாகிவிட்டது. இப்போது நாடா மட்டும்தான் வெட்டுகிறேன்."

வாசலில் அடுத்த கலியாண வீட்டுக்காரர் வந்து நின்றார்கள். அவர் எழும்ப முயன்றார். முழங்கால் விடவில்லை. நிலத்தில் கையூன்றி, திரும்பவும் முயன்று, சிரித்துவிட்டார்.

"இதை ஒரு டொக்டரிடம் காட்டவேண்டும். பக்கத்துப் பட்டணத்துக்குத்தான் போகவேண்டும்."

தம்பி கதிரையை விட்டு எழுந்து, இடது காலைப் பின்னால் நீட்டி ஊன்றிக்கொண்டு, இரண்டு கையாலும் அவரைத் தூக்கிவிட்டான். பட்டி சரிந்து போயிருந்தது. மச்சாள் அதை நேராக்கிவிட்டாள். பிறகு நாங்கள் பின்வரிசைக்குப் போய், அந்தக் கலியாணத்தையும் இருந்து பார்த்தோம்.